பழைய வீட்டுக்கு விலை உண்டா? – வாசகர் கேள்வி பதில்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மந்தைவெளிப் பகுதிகளில் பழைய வீடு வாங்குவது குறித்துத் தொடர்ந்து கடிதங்கள் வந்துகொண்டிருப்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்கு அருகே ஒரு சந்தில் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முக்கால் கிரவுண்டு மனை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு, கிணறு எல்லாம் அப்படியே இருக்கின்றன. “நிலத்துக்குத்தான் விலை, வீட்டுக்கு மதிப்பே கிடையாது, இடித்துவிட்டு நான்கு ஃப்ளாட் போடுங்கள்” என்கிறார் தரகர். நானும் என் கணவரும் அந்த வீட்டிலேயே குடியிருக்க விரும்புகிறோம். உறவினர்கள் எல்லோரும் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, மந்தைவெளி

பதில்: தரகர் சொல்வது சந்தையில் நடப்பில் உள்ள கணக்குதான். மயிலாப்பூரில் பழைய வீட்டுக்கு விலை பேசுகிறவர்கள் கிரவுண்டுக்கு இவ்வளவு என்று நிலத்தைத்தான் பேசுகிறார்கள். மேலே நிற்கும் கட்டடத்துக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்ப்பதில்லை. ஆனால் வாங்கிக் குடியிருக்கப் போகிறவருக்கு இது பாதகமான செய்தி அன்று. ஓர் அடிக்கும் மேற்பட்ட கனமுள்ள சுவர்கள், பர்மாத் தேக்கில் இழைத்த நிலைக்கதவு, கூடத்துத் தூண்கள், கருங்கல் படிகள் ஆகிய அனைத்தும் விலையில் சேராமல் உங்கள் கைக்கு வருகின்றன. இவற்றின் மதிப்பு வீடு இடிக்கும் ஒப்பந்தக்காரருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மரம் நிறைந்த பழைய வீடு என்றால், கூலி கேட்பதற்குப் பதிலாக அவரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து இடித்துக்கொண்டு போவது பல இடங்களில் நடக்கிறது. இப்படிக் கழற்றப்படும் தூண்களும் கதவுகளும் என்ன விலை போகின்றன என்பதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் ஒரு முறை விசாரித்தால், வீட்டுக்கு மதிப்பில்லை என்ற பேச்சை உங்கள் உறவினர்களே நிறுத்திவிடுவார்கள்.

நான்கு ஃப்ளாட் என்ற பேச்சையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். முக்கால் கிரவுண்டு என்பது 1,800 சதுர அடி. பழைய வீடு தெருவை ஒட்டி, இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர்களோடு சேர்ந்து எழுந்தது. அதை இடித்துப் புதிதாகக் கட்டுகிறவர் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி மனையில் இடம் விட வேண்டும், வண்டி நிறுத்த வழி காட்ட வேண்டும். எத்தனை குடியிருப்புகள் கட்டலாம் என்பதைச் சந்தின் அகலமும் தீர்மானிக்கும். ஆகவே அடுக்குமாடியை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் விலையை, அந்தச் சந்தில் அடுக்குமாடி உண்மையில் எழ முடியுமா என்பதை உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரிடம் கேட்டறிந்த பிறகே பேசுங்கள். எழ முடியாது என்றால் விலை குறைய வேண்டும்.

இனி வீட்டுக்கு வருவோம். கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். நெருக்கமாக ஓடும் தேக்குக் கட்டைகளும், அவற்றுக்கு இடையே சாய்வரிசையில் நெருக்கிப் பதித்த சிறு செங்கற்களும் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய வகைக் கூரை. ஆறு அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள அந்தச் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் குத்துவாட்டில் நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்து முடிப்பார்கள். சித்திரை வெயிலில் கான்கிரீட் வீடு இரவெல்லாம் அனலாகக் காயும்போது இந்தக் கூடத்தில் மின்விசிறி மட்டும் போதுமானதாக இருப்பதற்கு, இந்தக் கனமான கூரையும் முற்றத்தின் வழியே மேலேறும் வெப்பக் காற்றும்தான் காரணம்.

இந்தக் கூரையின் உயிர்நிலை, கட்டையின் முனை சுவருக்குள் நுழையும் இடம். மேலே கசியும் நீர் அங்கேதான் தங்கும். மட்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான் தொடங்கும். கட்டையின் நடுப்பகுதி கல்லைப் போல இருக்க, முனை மட்டும் உளுத்துப் போயிருக்கலாம். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கட்டையின் முனையிலும் திருப்புளியை அழுத்திப் பாருங்கள். இறங்காமல் நின்றால் நல்லது. அரை அங்குலம் இறங்கினால் அந்தக் கட்டையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கட்டைகள் என்றால் மாற்றிவிடலாம். ஒரு பக்கம் முழுவதும் அப்படியே என்றால் கூரையைப் பிரித்து மறுபடி போட வேண்டிவரும், அந்தச் செலவை விலையிலிருந்து கழித்தே பேச வேண்டும். மாடிக்கும் ஏறிப் பாருங்கள். தட்டோட்டின் மேல் சிமென்ட் கான்கிரீட் போட்டிருக்கிறார்களா, தண்ணீர்த் தொட்டி எங்கே நிற்கிறது என்பது முக்கியம். 1,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீரின் எடை மட்டும் ஒரு டன். அது கூடத்தின் நடுவே கட்டைகளின் மேல் நின்றால் முதல் வேலையாக அதை இறக்கிவிட வேண்டும்.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். வெள்ளையடித்து மறைத்த கசிவெல்லாம் அப்போது வெளிப்பட்டுவிடும்.

வங்கிக் கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதிப்பீட்டாளர் பழைய கட்டடத்துக்கு மிகக் குறைந்த தொகையே போடுவார். கட்டட அனுமதி வரைபடமும் பல வீடுகளில் இருக்காது. எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள். பழுதுபார்க்கும் செலவுக்குக் கையில் தனியாகப் பணம் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்து, கட்டைகளும் சுவர்களும் தேறினால், தயங்காமல் வாங்கிக் குடியேறுங்கள் என்பதே என் கருத்து. இப்படி ஒரு வீட்டை இன்று எவ்வளவு பணம் கொடுத்தாலும் புதிதாகக் கட்டித் தர ஆள் கிடைப்பது அரிது.

கேள்வி: திருவல்லிக்கேணியில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். பத்திரம் தாத்தா பெயரில் இருக்கிறது. பேரன்கள் மூவர் விற்கிறார்கள். அவர்களுடைய சகோதரிகள் இருவர் தங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்களாம். வில்லங்கச் சான்றிதழில் எதுவும் இல்லை. முன்பணம் கொடுக்கலாமா?
– வாசகர், சேப்பாக்கம்

பதில்: கொடுக்க வேண்டாம். வில்லங்கச் சான்றிதழ், பதிவு அலுவலகத்தில் பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயிலோ, குடும்பத்துக்குள் எழுதிக்கொண்ட ஒப்புதலோ, நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் பாகப்பிரிவினை வழக்கோ அதில் வராமல் போகலாம். இணையத்தில் கிடைக்கும் சான்றிதழ் பழைய ஆண்டுகள் எல்லாவற்றையும் தொடாமல் போகலாம் என்பதால், தாத்தா காலத்துப் பரிவர்த்தனைகளுக்கு அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பழைய பதிவேடுகளில் தேடச் செய்ய வேண்டும்.

சகோதரிகளின் வாய்மொழிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. உயில் எழுதாமல் இறந்த இந்துத் தந்தையின் சுயசம்பாதித்தியச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து மணமாகாத மகள்களுக்கு உரிமை தந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது, 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. எனவே இரண்டு சகோதரிகளும் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்; அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துச் சகோதரர்கள் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதி அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். தாத்தாவுக்கு மகள்கள் இருந்தார்களா என்ற கேள்வியையும் கேளுங்கள். அத்தைமார்களை மறந்துவிட்டு எழுதிய பத்திரங்கள்தாம் பின்னால் வழக்காக வந்து நிற்கின்றன. வாரிசுச் சான்றிதழில் உள்ள பெயர்களையும் குடும்பத்தினர் சொல்லும் வம்சாவளியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

தாத்தா உயில் எழுதியிருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சென்னை நகருக்குள் இருக்கும் சொத்தை உயில் வழியாகப் பெற்றவர் உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று, வாங்க வேண்டும் என்பது நீண்டகாலம் கட்டாயமாக இருந்தது. பத்திரச் சங்கிலியில் பழைய உயில் ஏதேனும் வந்தால், அதற்குப் புரொபேட் பெறப்பட்டதா என்று உங்கள் வழக்கறிஞர் பார்க்கட்டும்.

திண்ணையையும் அளக்கச் சொல்லுங்கள். பழைய தெருக்களில் திண்ணையும் படியும் மனையின் எல்லைக்கு வெளியே, மாநகராட்சியின் நிலத்தில் இருப்பது உண்டு. டவுன் சர்வே வரைபடத்தை வைத்து அளந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

விலை 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குகிற நீங்கள் 1 சதவீதம் வருமான வரி பிடித்தம் செய்து கட்ட வேண்டும். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் அவர் பங்குக்கான பிடித்தம் இதைவிட மிக அதிகம். அதைத் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: கபாலீசுவரர் கோயில் அருகே ஒரு வீடு, சுற்றுவட்டார விலையைவிட மிகக் குறைவாகக் கிடைக்கிறது. அடிமனை கோயிலுடையது, கட்டடம் மட்டும் எங்களுடையது, மாதாமாதம் சிறு தொகை கட்டினால் போதும் என்கிறார்கள்.
– வாசகர், ராயப்பேட்டை

பதில்: வேண்டாம். கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றி விற்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செல்லாது. நீங்கள் வாங்குவது கட்டடம் மட்டுமே, அதை உங்கள் பெயருக்கு மாற்றிக் குத்தகைதாரராக ஏற்கக் கோயில் நிர்வாகம் கடமைப்பட்டதும் அன்று. அடிமனை வாடகையும் பழைய சிறு தொகையாகவே நீடிக்காது, திருத்தப்படும். விற்பவர் உண்மையை மறைத்தாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே பூஜ்யம் என்று இருந்தால், அது கோயில், வக்ஃபு அல்லது அரசு நிலமாக இருக்கக்கூடும் என்று பொருள்.

கேள்வி: சென்ற ஆண்டு மந்தைவெளியில் பழைய வீடு வாங்கினோம். சுவரில் ஓதம் ஏறியிருந்ததால் கீழ்ப்பகுதி முழுவதும் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, விலை உயர்ந்த பெயின்ட் அடித்தோம். ஆறே மாதத்தில் சிமென்ட் பூச்சுக்கு மேலே புதிதாக ஓதம் தெரிகிறது. பெயின்ட் உரிந்து வெள்ளைப் பொடி உதிர்கிறது. கொத்தனார் இன்னும் உயரமாகச் சிமென்ட் பூசலாம் என்கிறார்.
– வாசகி, மந்தைவெளி

பதில்: கொத்தனாரைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பியது. மண்ணிலிருந்து ஈரம் இந்தச் சுவரில் சிறிதளவு ஏறிக்கொண்டேதான் இருக்கும்; சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே அது ஆவியாகி வெளியேறும். நூறாண்டுகளாக அந்தச் சுவர் இப்படித்தான் நின்றது. நீங்கள் சிமென்ட் பூசி அந்த வழியை அடைத்ததும், ஈரம் வெளியேற இடம் தேடி மேலே ஏறுகிறது. கடலோர ஊராதலால் ஈரத்தில் உப்பும் சேர்ந்து வருகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே பொடியாக்குகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி அதுதான். இன்னும் உயரமாகச் சிமென்ட் பூசினால் ஈரமும் அதே அளவு உயரும், ஒரு நாள் கூரைக் கட்டையின் முனையைத் தொடும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முற்றத்து நீர் வெளியேறும் சாலகம் அடைத்திருக்கலாம், குளியலறைக் குழாய் சுவருக்குள் கசியலாம், பக்கத்து மனையின் கழிவுநீர் உங்கள் அஸ்திவாரத்தை ஒட்டித் தேங்கலாம். அதைச் சரிசெய்த பிறகு, ஈரக்கோட்டுக்கு மேலே ஓரடி வரை சிமென்ட் பூச்சை முழுவதுமாகக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். பார்க்க அழகாக இராது. ஒரு கோடைக்காலம் முழுவதும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவ்வப்போது உதிரும் உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து வெளியே கொட்டுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. காய்ந்த பிறகு, நன்றாக ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சைப் பூசி, அதன்மேல் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும். பட்டியும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அந்தச் சுவருக்கு ஆகாது.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் சென்னையில் குறைந்துவிட்டார்கள் என்றாலும் இல்லாமல் போய்விடவில்லை. செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து குழுவாக வந்து செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கும் வேலை அவர்கள் கையில் இன்னும் இருக்கிறது. கூலி அதிகம்தான். ஆனால் நீங்கள் இப்போது உரிந்துபோன பெயின்ட்டுக்குக் கொடுத்ததை இரண்டு முறை கொடுத்தால் அந்தக் கணக்கு சரியாகிவிடும்.

கேள்வி: திருமயிலை மெட்ரோ ரயில் நிலையப் பணிக்கு அருகில் உள்ள வீடுகளை வாங்கலாமா? சுவரில் சில விரிசல்களைப் பார்த்தேன்.
– வாசகர், ஆழ்வார்பேட்டை

பதில்: இரண்டாம் கட்ட மெட்ரோவில் மாதவரம்–சிப்காட் தடமும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடமும் சந்திக்கும் இடம் திருமயிலை. நிலையம் மிக ஆழமானது. விரிசல் இருக்கிறதா என்பதைவிட அது இன்னும் நகர்கிறதா என்பதே கேள்வி. பழைய காலத்தில் பொறியாளர்கள் செய்த எளிய சோதனை இன்றும் செல்லுபடியாகும். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டின் இரு முனைகளையும் பசையால் ஒட்டி, தேதியை எழுதிவையுங்கள். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்ந்துகொண்டிருக்கிறது. முழுதாக இருந்தால் பழைய விரிசல், சுண்ணாம்புக் காரையால் அடைத்துவிடலாம். சுரங்கப் பணிக்கு முன்பு அந்த வீட்டை ஆய்வு செய்து படம் எடுத்தார்களா என்று விற்பவரிடம் கேட்டு, அறிக்கை இருந்தால் அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுண்ணாம்பு வீடு எதற்கு, 1960-களில் கட்டிய கான்கிரீட் வீடு ஒன்று தியாகராய நகரில் கிடைக்கிறது, அதுதானே உறுதியானது என்கிறார் என் மாமனார்.
– வாசகர், மாம்பலம்

பதில்: உங்கள் மாமனார் சொல்வது பொதுவாக நம்பப்படுவது; ஆனால் வயதைக் கொண்டு மட்டும் உறுதியைச் சொல்லிவிட முடியாது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைக்கும். உப்புக்காற்று வீசும் சென்னையில் அக்காலத்து மெல்லிய கூரைகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. கூரையின் அடிப்பக்கம், குறிப்பாகக் குளியலறைக்குக் கீழே உள்ள பகுதி, ஜன்னல் மேல் சன்ஷேடு ஆகிய இடங்களில் துருக்கறை படிந்த நேர்க்கோட்டு விரிசல் இருந்தால் கம்பி போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பொள்ளல் ஒலி கேட்கும். மட்கிய தேக்குக் கட்டையை ஒவ்வொன்றாக மாற்றலாம். துருப்பிடித்த கூரையைப் பகுதி பகுதியாக மாற்றுவது கடினம். கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தக் காலத்து வீடுகளின் வளைந்த பால்கனிகளும், மொசைக் தரையும், மாடிப்படிக் கைப்பிடியும் காக்கத் தக்கவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் பன்னிரண்டு பழைய வீடுகள் இருந்தன. இப்போது மூன்றுதான். எங்கள் வீட்டின் இருபுறமும் அடுக்குமாடி வந்துவிட்டது. முற்றத்தில் வெயில் குறைந்துவிட்டது. தெருவை மறுபடி மறுபடி உயர்த்திப் போட்டதால் மழைநீர் ரேழிக்குள் வருகிறது. தெருவே போன பிறகு ஒரு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பயன்?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. பழைய வீட்டின் அழகில் பாதி, தெருவின் அழகு. புதுச்சேரியில் வைசியாள் வீதியில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பும் அரசும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து, வீடு வீடாகப் பார்க்காமல், ஒரு தெருவின் முகப்பு முழுவதையும் திண்ணைகளோடும் தூண்களோடும் சீர்படுத்தினார்கள். அந்தப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் விருதும் கிடைத்தது. சென்னையில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குப் பாரம்பரியக் கட்டடங்களுக்கான குழு இருந்தாலும், சாதாரணக் குடியிருப்பு வீடுகளுக்கு அதனால் பெரும்பாலும் பாதுகாப்பு கிடைப்பதில்லை. இன்றைய நிலையில் அந்த வீட்டுக்குக் காவல் நீங்கள் மட்டுமே. அதனால்தான் உங்களை விற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்ற இரண்டு வீட்டுக்காரர்களோடும் பேசுங்கள். ஒரே கொத்தனார் குழுவை மூவரும் சேர்ந்து அழைத்தால் செலவு பங்காகும். வீடுகளை அளந்து வரைபடமும் படமும் எடுத்து வைப்பதற்கு இன்டாக்கின் சென்னைக் கிளையையும் கட்டடக் கலைக் கல்லூரிகளையும் அணுகலாம்.

முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிவிடாதீர்கள். வெயில் குறைந்தாலும் காற்று மேலே போக அதுவே வழி. பாதுகாப்புக்குக் கம்பி வலை போதும். முற்றத்து நீரைக் கிணற்றுக்குத் திருப்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது பல வீடுகளில் பெயருக்கு ஒரு குழாய் போட்டதோடு சரி.

தெரு உயர்ந்ததற்காக வீட்டுத் தரையை மண்கொட்டி உயர்த்த வேண்டாம். நிலைக்கதவின் உயரம் போய்விடும், சுவரின் ஈரமும் கூடவே ஏறும். வாசலில் ஒரு தடுப்புப் படியும், தெருவை ஒட்டிக் குறுக்கே கம்பி மூடியிட்ட வடிகாலும் அமைத்து, தேங்கும் நீரை வெளியேற்றச் சிறு மோட்டார் வையுங்கள். அடுத்த முறை தெரு போட வரும்போது, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று தெருக்காரர்கள் கையெழுத்திட்டு மண்டல அலுவலகத்தில் முன்கூட்டியே மனுக் கொடுங்கள். வேலை நடக்கும் நாளில் மனுவின் நகலோடு ஒருவர் தெருவில் இருந்தாக வேண்டும். அடுக்குமாடிவாசிகளின் கீழ்த்தளத்து வண்டிகளும் அதே நீரில்தான் நிற்கின்றன, அவர்களும் கையெழுத்திடுவார்கள்.